தலையாட்டினால் போதாது

பனச்சமூட்டில் பஸ் ஏறியபோது என் பக்கத்தில் இருந்தவர் சந்தைப் பையை மடியில் வைத்திருந்தார். சனிக்கிழமையிலும் காதோரம் சாக்பீஸ் தூள். நண்பர் மகளின் கல்யாணம் நடக்கும் சர்ச்சுக்கு எங்கே இறங்கவேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

வாயால் சொன்னார். பிறகு முன்சீட்டின் தூசியில் விரலால் வரைந்தார். பிறகு பையிலிருந்து மரச்சீனிக் கிழங்கை எடுத்து என் மடியில் ரோடாகக் கிடத்தினார். ஏத்தன் வாழைக்காய், கால்வாய். தேங்காய், சர்ச்.

“முதல்லயே புரிஞ்சுது சார்” என்றேன்.

“எனக்க கிளாஸ்ல கேட்டுப் படிக்கிய பிள்ளை உண்டு, பாத்துப் படிக்கியது உண்டு, தொட்டாத்தான் மனசிலாவியதும் உண்டு. நீங்க எந்த வகைன்னு எனக்குத் தெரியாதே.”

நான் வேகமாகத் தலையாட்டினேன்.

“ஒண்ணும் வெளங்காத பிள்ளையளாக்கும் இப்பிடி ஆட்டும்” என்றவர் தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு என்னோடு இறங்கிவிட்டார். என் கையைப் பிடித்து சர்ச் வாசல்வரை கூட்டிப்போனார். சொல்லிக்கொடுப்பதில் அது நாலாவது முறையாம்.

“திரும்பிப் போவ வழி தெரியுமா?”

பழக்கதோஷம், மறுபடியும் தலையாட்டிவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு இரண்டாம் தடவையும் பாயசம் கேட்டு வாங்கினார். விளம்ப வந்தவர், “நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்று விசாரித்தார்.

“இவருக்க சாராக்கும் நான்” என்று என்னைக் காட்டினார்.

பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் சொன்னது பொய் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.