மடியை உதறும் வாத்தியார்

செல்லச்சாமி வாத்தியார் எங்களை எங்கே அழைத்துப் போனாலும், திரும்பிப் புறப்படும் முன் ஒன்று செய்வார். எல்லோரும் பார்க்கும்படி நின்று, வேட்டி மடியை அவிழ்த்து உதறுவார். சால்வையை உதறுவார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவார். மூக்குப்பொடி மட்டையைத் தவிர எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை. பிறகு, "சரி, இப்ப ஒங்களுது" என்பார். பேராதனைப் பூந்தோட்டத்தில் பொறுக்கிய விதை, ஆற்றங்கரைக் கூழாங்கல் எல்லாவற்றையும் நாங்கள் அங்கேயே போட்டுவிட வேண்டும்.

ஹந்தானையில் தோட்டக் கூலிகளின் லயத்துப் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய சிறு பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை வருஷமும் இதைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் 'மடி வாத்தியார்' என்று சிரிப்போம். மடியில கனமில்லாதவருக்கு வழியில என்ன பயம் என்று மூத்த பையன் ஒருவன் அவர் காதுபடவே சொன்னான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். சென்னையில் பரீட்சை தேறி வந்து, கண்டியில் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் போனபோது அவர் படுத்த படுக்கையாக இருந்தார். "பையங்கள வெளியூருக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். போவோம் என்றேன். கூரையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

கோப்பிச் செடியில் இலைநோய் விழுந்திருந்த காலம். அவர் அப்போது கண்டியில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார், இளைஞர். நகரத்தில் காய்ச்சல் பரவியதால், விடுதியிலிருந்த பெரிய பையன்களை ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். விளைச்சல் குறைந்து பாதி வெறுமையாகக் கிடந்த கோப்பி மூட்டை வைக்கும் ஸ்டோரில் தங்குவதற்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இடம் கொடுத்தார். கூடப் போனவர்கள் இரண்டு பேர்: யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய வாத்தியார் நடராஜா, அவருக்கு உதவியாகச் செல்லச்சாமி.

அந்தத் தோட்டத்து லயத்தில்தான் செல்லச்சாமி பிறந்தார். தாய் மூக்காயியும் தங்கையும் இன்னும் அங்கேதான் கோப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். இது நடராஜாவுக்குத் தெரியாது. லயத்து ஆட்களை வேலை வாங்கிய கணபதிக் கங்காணிக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மணியோடு வந்து மணியோடு போய்விடுவார். வெளியூரில் அப்படி முடியாது. அவர் எப்படிச் சாப்பிடுகிறார், யாரோடு சிரிக்கிறார், யாரைக் கண்டால் குரல் தாழ்கிறது என்பதெல்லாம் பையன்களுக்குத் தெரிந்துவிடும். நடராஜா வாத்தியார் பகலெல்லாம் கணக்கப்பிள்ளை வீட்டில் கடுதாசிச் சீட்டு விளையாடினார். செல்லச்சாமி சட்டையைக் கழற்றிவிட்டுப் பையன்களோடு ஓடையில் குளித்தார். கங்காணி வந்தால் மட்டும் சட்டையைத் தேடுவார். பையன்கள் அதையும் கவனித்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் ஸ்டோருக்குள்ளேயே பாடம் நடந்தது. பலகை இல்லை. தரை இடுக்கில் கிடந்த காய்ந்த கோப்பிக் கொட்டைகளைப் பொறுக்கி, அவற்றைப் பரப்பிப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். முதலில் விடை சொன்னவன் ஹபீல். திகனயில் கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீனின் மகன். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்ததற்காக அந்த மனிதர் ஊரில் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. பாடம் முடிந்ததும் செல்லச்சாமி கொட்டைகளை ஒரு லேஞ்சித் துணியில் முடிந்து ஹபீலிடம் கொடுத்தார்.

"நீயே வச்சிரு. நாளைக்கும் வேணும்."

அடுத்த நாள் வெயில். பாடம் இல்லை. பிறகு அவர் அதை மறந்துபோனார். வாத்தியார் கேட்காமல் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பையனுக்குத் தெரியவில்லை.

அந்த நாளில் கோப்பிக் களவுக்குப் பயந்து கடுமையான சட்டம் போட்டிருந்தார்கள். வறுக்காத கோப்பிக் கொட்டை கையில் அகப்பட்டு, எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் களவுதான். தோட்டத்தைச் சுற்றியிருந்த கடைக்காரர்கள்மேல் எப்போதும் ஒரு கண் இருந்தது, திருட்டுக் கோப்பியை வாங்குகிறவர்கள் என்று.

புறப்பட்ட அன்று, வண்டிப் பாதையில் தோட்டம் முடியும் இடத்தில் காவல்காரர்கள் மறித்தார்கள். கணபதிக் கங்காணியும் நின்றிருந்தான்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைகதான். சும்மா ஒரு பார்வை பாத்துக்கறோம்" என்றான்.

பையன்கள் சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்தார்கள். ஹபீல் சாரத்து மடியிலிருந்து தானே லேஞ்சியை எடுத்து நீட்டினான். அதில் மறைக்க ஏதுமில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

கங்காணி முடிச்சை அவிழ்த்தான். "நீ எந்த ஊருடா?"

"திகன."

"அப்பன் என்ன பண்றான்?"

"கடை."

"கடையா?" என்று கங்காணி காவல்காரர்களைப் பார்த்தான். "மகன அனுப்பி சரக்கு மாதிரி பாக்குறானாம்."

யாரும் சிரிக்கவில்லை. நடராஜா வாத்தியார் முன்னால் வந்தார். "ஹபீல், ஆர் தந்தது இது? சொல்லும்."

ஹபீல் செல்லச்சாமியைப் பார்த்தான். பயந்த பார்வை இல்லை. வகுப்பில் விடை சொல்லிவிட்டு, வாத்தியார் சரி என்று சொல்வதற்காகக் காத்திருக்கும்போது பார்ப்பானே, அதே பார்வை. வாத்தியாரைக் கை நீட்டிக் காட்டுவது அவனுக்குப் பழக்கமில்லை. அவரே சொல்லிவிடுவார் என்று நின்றான்.

கங்காணியும் அந்தப் பார்வை போன திசையைப் பார்த்தான். "என்னா செல்லச்சாமி," என்றான், மெதுவாக. "ஆத்தாகிட்ட சொல்லிட்டுப் பொறப்பட்டியா? பாவம், காலையிலயே மலைக்கு ஏறிருச்சு."

துரை நல்லெண்ணத்தில் கொடுத்த ஸ்டோரிலிருந்து கொட்டையை எடுத்தவன் மூக்காயி மகன் என்றால், அன்று மாலையே தாய், தங்கையின் சாமான் லயத்து வாசலில் கிடக்கும். செல்லச்சாமி சால்வையைத் தோளில் சரிசெய்தார். சரியாக இருந்த சால்வைதான். மறுபடியும் சரிசெய்தார்.

"பொலிஸுக்குப் போனால் பள்ளிக்கூடத்துக்குத்தான் அவமானம்," என்றார் நடராஜா. "இஞ்சயே அடிச்சு, பள்ளிக்கூடத்தால விலத்திப்போடுறன். காணும்தானே?"

"போதுங்க," என்று கங்காணி தன் பிரம்பை நீட்டினான்.

நடராஜா அதை வாங்கிச் செல்லச்சாமியிடம் கொடுத்தார். "நீர் அடியும். உம்மட வகுப்புப் பெடியன்."

அந்தப் பிரம்பைச் சிறுவயதிலிருந்தே அவருக்குத் தெரியும். அடித்தார். பையன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனால் முதல் அடிக்குப் பிறகு அவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

திகன, கண்டிக்குத் திரும்பும் வழியில்தான் இருந்தது. கடையில் ஸெய்னுலாப்தீன் எல்லோரையும் உட்காரச் சொல்லி, பெரிய வாத்தியாருக்கும் சின்ன வாத்தியாருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். நடராஜா நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். ஸெய்னுலாப்தீன் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. செல்லச்சாமி பக்கம் திரும்பினார். மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொன்ன பெயர் அது.

"வாத்தியார், மெய்யா?"

"அடிச்ச பெறகு எந்த வாயால இல்லன்னு சொல்றது?" என்று என்னிடம் கேட்டார் செல்லச்சாமி வாத்தியார். அன்று அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்திருக்கிறார். அந்த மௌனத்தை ஆம் என்றுதானே ஒரு தகப்பன் எடுத்துக்கொள்வான்.

பிறகு மிஷன் வேலையை விட்டார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. தாயையும் தங்கையையும் ஹந்தானைக்கு அழைத்துக்கொண்டார். அவர்கள் கணபதிக் கங்காணியின் கைக்கு எட்டாத இடத்துக்கு வந்த பிறகும், திகனவுக்கு அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "நாளைக்குப் போகலாம்னு இருந்தேன்" என்றார். எத்தனை வருஷம் அப்படி இருந்தார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாதையில் நான் நின்றிருந்தால் பேசியிருப்பேன் என்று எண்ணிக்கொண்டுதான் அன்று வீடு திரும்பினேன். என் அம்மாவும் அந்த நாளில் மலையில் கொழுந்து பறிக்கிறவள்தான் என்பது வாசலில் அவள் கூடையைக் கண்டபோது நினைவுக்கு வந்தது.

அவர் இறந்து சில வாரங்கள் கழித்துத் திகனவுக்குப் போனேன். ஹபீல் கடையில் இருந்தார். தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. செல்லச்சாமி வாத்தியார் காலமாகிவிட்டார் என்றேன். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னத்தயும் செல்லச் சென்னாரா?" 'சொல்ல' அவர் பேச்சில் 'செல்ல' ஆகும், 'இருக்கு' 'ஈக்கி' ஆகும்.

"கொட்டையைக் கொடுத்தது தான்தான் என்று."

"அது எனக்குத் தெரியும்தானே, தம்பி," என்றார். "அத எனக்கிட்ட செல்ல என்ன ஈக்கி?"

மறுபடியும் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"வாப்பாக்கிட்டத்தான் செல்ல ஈந்த. கடையில ஒரு சாமான் காணாட்டியும் மொதல்ல என்ட முகத்தத்தான் பார்ப்பார். ஏசமாட்டார். பார்ப்பார். மவுத்தாகுற வரைக்கும் அப்பிடித்தான்."

"நீங்கள் நடந்ததைச் சொல்லவில்லையா?"

"சென்னேன். கள்ளனுக்குக் கள்ளனே சாட்சியா? வாத்தியார் வந்து ஒரு வார்த்த சென்னா நம்பியிருப்பார். அவர் வருவார், வருவாரெண்டு நானும் ரோட்டப் பார்த்துக்கொண்டுதான் ஈந்தேன்."

தட்டைத் தராசில் மாட்டினார். அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹந்தானையிலிருந்து இங்க வர வழி தூரமா, தம்பி?"

"அரை நாள் நடை," என்றேன்.