மாமனாருக்குக் கோட்டு வேண்டாம்

எங்கள் கல்யாண ஆல்பத்துக்கு அசல் ஆட்டுத்தோல் உறை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குக் கல்யாணம் என்றால், கூட வேலை பார்க்கிறவர்கள் சுவர்க் கடிகாரமெல்லாம் வாங்கித் தர மாட்டார்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய தோலில் நல்லதாகப் பார்த்து எடுத்து, சாம்பிள் ரூமில் வைத்து ஆல்பத்துக்கு உறை தைத்துத் தருவார்கள். எனக்கு வந்தது மெரூன் நிறம். தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலூரில் அப்படியோர் ஆல்பம் வேறு யாரிடமும் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தோல் ஏன் மிஞ்சியது என்று நானும் கேட்கவில்லை, தைத்தவர்களும் கேட்கவில்லை. சாயம் நிற்கவில்லை என்று வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பியதால் மிஞ்சியது.

சில வருடங்கள் கழித்து ஓர் ஐப்பசி மழையில் பீரோவுக்குப் பின்னாலிருந்த சுவர் தண்ணீரைக் குடித்தது. சுவரின் ஈரத்தை உறை குடித்தது. உறையின் சாயத்தைப் படங்கள் குடித்தன. என் மனைவி ஆல்பத்தைத் திறந்தபோது முன்பக்கங்களிலும் பின்பக்கங்களிலும் மெரூன் நிறம் ஓரத்திலிருந்து உள்ளே நடந்து வந்திருந்தது. நடுப்பக்கங்களில், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட, இன்றுவரை யாரென்றே தெரியாத ஏழெட்டுப் பேர் மட்டும் பளிச்சென்று தப்பித்திருந்தார்கள்.

முன்பக்கங்களில் இருந்தவர் என் மாமனார். மகளின் கையைத் தன் முழங்கையில் கோத்துக்கொண்டு சர்ச்சுக்குள் நடந்து வருகிறார். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. குடும்பத்தில் எப்போது படம் எடுத்தாலும் அவருக்கு டியூட்டி இருக்கும். என் மனைவி வளர்ந்த பிறகு அப்பாவும் மகளுமாக எடுத்த படங்கள் அந்தச் சில அடி நடையில் எடுத்தவை மட்டும்தான். கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் அவர் போய்விட்டார். ஸ்டூடியோக்காரர் கடையை மூடிவிட்டுப் பெங்களூர்ப் பக்கம் போனபோது நெகட்டிவ்களும் போய்விட்டன.

மனைவி ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். வார்டில் டாக்டர்களே அவள் குரலுக்கு ஒதுங்கி நடப்பார்கள் என்று கேள்வி. அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஆல்பத்தைப் பாலிதீன் பையில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். அதன்பிறகு அதைத் திறக்கவே இல்லை. உறவுக்காரர்கள் கல்யாண ஆல்பம் கேட்டால், "அதுவா? அது ஷூவாப் போயிடுச்சு" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆம்பூரில் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. மற்றவர்கள் அங்கே என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தது அமெரிக்கப் பெண்மணிகளின் டிஜிட்டல் ஸ்கிராப்புக். குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரிலேயே வெட்டி, வண்ணக் காகிதம், ரிப்பன், பூ எல்லாம் ஒட்டி, பக்கம் பக்கமாக ஆல்பம் செய்கிறார்கள். பசையும் கத்தரியும் தேவையில்லை. எனக்கு ஒளி பிறந்தது. எங்கள் பதினைந்தாவது கல்யாண நாளுக்குப் புது ஆல்பம் செய்து தருவதாக வீட்டில் அறிவித்தேன்.

மனைவி இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"செய்ங்க. ஆனா ஒண்ணு. அப்பா படம் சரியா வரலன்னா மீதி எதையும் என்கிட்ட கொண்டாராதீங்க. பீரோவுல இருக்கறது அப்படியே இருக்கட்டும்."

இதற்குள் செய்தி என் மச்சானுக்குப் போய்விட்டது. மனைவியின் தம்பி. வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிஜிட்டல் ஸ்டூடியோ வைத்திருந்தான். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை பெண்ணின் தலைகளை ஒயின் கிளாசுக்குள் மிதக்கவிடுவதில் அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"அக்கா, மாமா தோல் வெட்டறவரு. இவருகிட்டப் போய் போட்டோவக் குடுக்கிறியே? நான் ஜம்முனு பண்ணித் தர்றேன்" என்றான்.

"ரெண்டு பேரும் பண்ணுங்க. பாக்கறேன்" என்றாள் மனைவி.

மனைவியிடம் சாவி வாங்கி, கறை படிந்த படங்களை எங்கள் ஆபீஸ் ஸ்கேனரில் ஏற்றி, ஆளுக்கொரு சி.டி. எடுத்துக்கொண்டோம். படங்கள் பீரோவுக்குத் திரும்பின; உறை மட்டும் என் ஆபீஸ் மேஜையிலேயே தங்கிவிட்டது.

நான் முறையாகப் படித்துவிட்டு இறங்குகிறவன். எனக்கான பாணியை நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று எல்லா அமெரிக்கப் பெண்மணிகளும் சொன்னார்கள். அதற்கு ஒரு கேள்வித்தாளும் வைத்திருந்தார்கள். மழைநாளில் எனக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டது. மழைநாளில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அதில் எழுத இடமில்லை. டீ குடிக்கப் பிடிக்கும் என்று போட்டேன். நான் பழமை விரும்பி என்று விடை வந்தது. வழுக்கையை மானிட்டர் வழியாகப் பார்த்திருப்பார்கள் போல.

இலவசமாகக் கிடைத்த அலங்காரங்களையெல்லாம் இறக்கினேன். பூசணிக்காய், பனிமனிதன், சிவந்து உதிரும் இலைகள். சிவந்த இலை மெரூன் கறையோடு ஒத்துப்போகும் என்று எனக்கு ஒரு கணக்கு. மாமனாரின் சட்டையில் கறை பட்ட இடமெல்லாம் இலையை ஒட்டினேன். நெஞ்சில் நான்கு இலை, தோளில் ஒரு கொத்து. பிரிண்ட் எடுத்துக் காட்டினேன்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அப்பா ஏங்க புதருக்குள்ள நிக்கறாரு? யாருக்குப் பயந்து?"

அடுத்தது என் பழமைப் பாணி. ஓரம் கருகிய காகிதம், அரக்கு முத்திரை, சங்கிலி வைத்த பாக்கெட் கடிகாரம். அதற்கு அவள், "யாரு சொத்தை யாருக்கு எழுதி வெச்சிருக்கு?" என்றாள். பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். மாலையில் பார்த்தால் அதன்மேல் முருங்கைக்காய் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மச்சான் வந்தான். கையில் பளபளவென்று பெரிய பிரிண்ட். மாமியாரும் கூட வந்திருந்தார். பின்னணியில் பனிமலை, ஏரி, அன்னப்பறவை. மலைக்கு முன்னால் மாமனார் கோட்டு சூட்டு டையோடு நிமிர்ந்து நின்றார். பாக்கெட்டில் ரோஜா. கழுத்துக்கு மேலே மட்டும்தான் அவர்.

மாமியார் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"யாருடா இவரு?"

"அம்மா! அப்பாம்மா!"

"அப்பாவா? ஏதோ கம்பெனி மொதலாளின்னு நெனச்சேன்."

மனைவி, "எங்கப்பா என்னிக்குடா கோட்டு போட்டாரு?" என்றாள்.

"கறை ஃபுல்லா சட்டை மேலதான்க்கா இருக்குது. வேற உடம்பு வெச்சாத்தான் கிளீனா வரும். கோட்டு சூட்டு உடம்பெல்லாம் சி.டி.யிலயே விக்கறாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் பண்றோம்."

"வேற உடம்பு மாட்டறதுக்கு அவரு இன்னா சோளக்கொல்லை பொம்மையாடா?"

இந்த இடத்தில் நான் ஆனந்தப்பட்டிருக்க வேண்டும். முகத்தை ஆனந்தத்துக்குத் தயார்ப்படுத்தவும் செய்தேன். ஆனால் அவள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போதும், ரெண்டு பேரும் விடுங்க" என்று எழுந்து உள்ளே போனாள். ஆல்பம் கறைபட்ட அன்றைக்கு என்னைத் திட்ட வராமல் போன குரல் அது. இன்னும் ஒரு முறை சொதப்பினால் பீரோவை இனி யாரும் திறக்க முடியாது என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. மச்சான் அன்னப்பறவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டான்.

கம்பெனியில் என் வேலை பேட்டர்ன் போடுவது. ஷூவின் மேல்பகுதிக்கு, எங்கள் பாஷையில் அப்பருக்கு, எந்தெந்தத் துண்டு எந்த வடிவத்தில் வேண்டும், ஒரு தோலில் அதையெல்லாம் எப்படி அடுக்கி வெட்ட வேண்டும் என்பது என் பாடு. முழுக்கச் சுத்தமான தோல் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. உண்ணி கடித்த தழும்பு இருக்கும், முள்கம்பி கீறியது இருக்கும். சுத்தமான இடம் ஷூவின் முன்பக்கத்துக்குப் போகும். கறை உள்ள இடம் இன்னொரு துண்டு மேலே வந்து மூடுகிற ஓரத்துக்குப் போகும். இரண்டு காலுக்கும் துண்டுகள் ஒரே தோலிலிருந்து வர வேண்டும். இதைச் சொல்லியே எனக்கு முடி கொட்டியது.

அந்த வாரம் கட்டிங் மேஸ்திரியோடு எனக்குத் தகராறு. வாணியம்பாடிக்காரர், என் பழைய தோஸ்த். ஒரு ஜோடிக்கு இரண்டு தோல்களிலிருந்து வெட்டி வைத்திருந்தார்.

"இன்னா தோஸ்த், ரெண்டும் கறுப்புதானே?"

"இது வேற கறுப்பு, அது வேற கறுப்பு."

"பேஜார் பண்ணாத. ரெண்டாவது தோலு இன்னும் ஜாஸ்தி நல்ல தோலு, தெரியுமா?"

"எவ்ளோ நல்லதா இருந்தாலும் அது வேற ஆடு. ஒரே தோலுல எடு. ஓரத்துல கறை வந்தா வரட்டும், மேல தையல் வந்துடும்."

சொல்லிவிட்டு நின்றேன். இந்த வசனத்தை எத்தனையோ வருடமாகச் சொல்கிறேன். நான் சொன்னதை நானே கேட்டது அன்றுதான். மாமனாரின் முகம் ஒரு தோல், சிவந்த இலை அமெரிக்க ஆடு, கோட்டு யாரோ ஒரு சி.டி.க்காரனின் ஆடு. பிறகு எப்படி ஜோடி சேரும்?

மறுநாள் முதல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேட்டர்ன் ரூம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இறக்கி வைத்திருந்த பூசணிக்காய்களையும் பனிமனிதர்களையும் அழித்தேன். சர்ச் நடையில் போட்டோக்காரர் விட்டு விட்டு ஐந்தாறு படம் எடுத்திருந்தார். கறை ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில். எல்லாவற்றையும் திரையில் ஒரே தோலாக விரித்துப் போட்டேன். முகம் ஒன்றில் சுத்தம், தோள் இன்னொன்றில் சுத்தம். எல்லாவற்றையும்விடச் சுத்தமான இடம் மூன்றாவது படத்தில் மாமனாரின் வலது முழங்கையும், அதைப் பிடித்திருந்த மகளின் கையும். அதை முன்பக்கத்துத் துண்டாக எடுத்து, பக்கத்தின் நடுவில் பெரிதாக வைத்தேன். ஷூவில் வருகிற மாதிரியே வளைவு வளைவாக வெட்டி மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்கினேன். ஒட்டு தெரியாமல் மழுப்பவில்லை. ஒட்டு தெரிகிற இடத்தில் எல்லாம் ஷூவுக்குப் போடுகிற மாதிரி திரையிலேயே இரட்டைத் தையல் போட்டேன். ஒரு தோள் விரலளவு விலகி நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன்.

வெளியிலிருந்து ஒரு பூகூட வாங்கவில்லை. காகிதத்துக்கு நிறம் அந்தக் கறையிலிருந்தே எடுத்தேன். ஓரத்துக்கு அவள் முக்காட்டு லேஸ். பின்னணிக்கு, சாயம் போன அந்த உறையையே ஸ்கேனர்மேல் கவிழ்த்தேன். கறை படிந்த வெட்டுத்துண்டுகளைக்கூட வீணாக்காமல் மெல்லிய பட்டைகளாக வெட்டி ஓரத்துக்குக் கரை கட்டினேன். மற்ற பக்கங்களையும் இதே முறையில் முடித்தேன்.

மேஸ்திரி டிபன் கேரியரோடு வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"மாமனாரை அப்பர் ஆக்கிட்டியேப்பா" என்றார். பிறகு கொஞ்சம் குனிந்து, "ஆனா மனுஷன் நடக்கறாரு" என்றார்.

பிரிண்ட் போட மச்சானின் ஸ்டூடியோவைத் தவிர வேறு கதி இல்லை. மானத்தைச் சி.டி.யில் ஏற்றிக் கொடுத்தேன். அவன் திரையில் பார்த்துவிட்டு, "மாமா, தையல் எல்லாம் போட்டிருக்கீங்க. பிரிஞ்சுதுன்னா மாத்திக் குடுப்பீங்களா?" என்றான். கடைப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பயமில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கல்யாண நாள் அன்று வீட்டில் சாப்பாடு. மாமியாரும் மச்சானும் வந்திருந்தார்கள். இலை போட்டாகிவிட்டது. பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கப் போன மனைவியின் கையில் ஆல்பத்தைக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தாள்.

 நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். விரலை அந்த முழங்கைமேல் வைத்தாள்.

"சட்டைக் கை மடிச்சிருக்கு."

"அப்படித்தான் இருந்துது. நான் ஒண்ணும் செய்யலை" என்றேன் அவசரமாக.

"தெரியும். நான்தான் மடிச்சு விட்டேன். சர்ச் கேட்டுல எறங்கறப்ப கைப் பட்டன் பிச்சிக்கிட்டு விழுந்துடுச்சு. எல்லாரும் உள்ள காத்துக்கிட்டிருக்காங்க. பூங்கொத்தக் கக்கத்துல இடுக்கிக்கினு ரெண்டு கையையும் மடிச்சு விட்டேன். 'இப்பப் பாரு, டியூட்டிக்குப் போற மாதிரியே இருக்குது'ன்னு சிரிச்சாரு." விரல் முழங்கையிலிருந்து முகத்துக்கு ஏறியது. "அந்தச் சிரிப்புதாங்க இது. இது படத்துல இருக்குதுன்னே எனக்குத் தெரியாது."

மாமியார் எட்டிப் பார்த்தார். இந்த முறை யார் என்று கேட்கவில்லை.

"அந்தப் பட்டன நான்தான் அன்னிக்குக் காலையில தெச்சேன்" என்றார்.

"நீ தெச்ச லட்சணந்தாம்மா பிச்சிக்கிச்சு."

"கல்யாணத்தன்னிக்கு நூறு வேலை. அந்த மனுசனுக்கு நல்ல சட்டை எடுத்து வெச்சா அத விட்டுட்டு இதப் போட்டுக்கினு வந்து நின்னாரு."

இருவரும் பட்டனுக்காகச் சண்டை போட்டார்கள். போட்டுக்கொண்டே சிரித்தார்கள். மனைவியின் கண் நிறைந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பிறகு அதற்கடுத்ததை. கடைசிப் பக்கம் வரைக்கும் போனாள். முடித்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"நாளைக்கு வார்டுக்கு எடுத்துக்கினு போறேன்" என்றாள். எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய பாராட்டு வழக்கத்தில் இல்லை.

மச்சான் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதே படத்தை அவன் முன்பே தன் கடையில் பார்த்திருந்தான். இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தான். மெதுவாக என் பக்கம் நாற்காலியை நகர்த்தினான்.

"மாமா, அந்த இரட்டைத் தையல் எப்படிப் போட்டீங்க?"

தொழில்காரன், ஸ்டூடியோ முதலாளி, என் வீட்டில், என் மனைவி கேட்கும்படி கேட்கிறான். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். தோலின் இயல்பிலிருந்து ஆரம்பித்தேன். மாட்டுத்தோலுக்கும் ஆட்டுத்தோலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொட்டேன். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை.