பதினொரு ஏகாதசி

ஜெபமலருக்குச் சொந்த ஊர் போனக்காடு. அம்மையும் சித்தியும் தேயிலை கிள்ளியவர்கள். எஸ்டேட் முடங்கியதும் அத்தை மகனைக் கட்டிக்கொண்டு மலையிறங்கினாள். அவன் செத்த பிறகு கரமனைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஆயா வேலை கிடைத்தது.

மூன்றாம் கட்டிலில் விஜயம் மாமி, அக்கிரகாரத்துக்காரி. நடக்க முடியாது, பேச்சும் போய்விட்டது. மகன் மஹேஷ் வெளிநாட்டில் இருந்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மேட்ரன் சுசீலாபாய், மாமியின் தட்டைத் திருப்பி எடுக்கச் சொல்வாள்.

"மாமிக்கு இன்னிக்கு ஏகாதசி, மலரே. வெள்ளம் மட்டும் கொடுத்தா மதி."

ஜெபமலர் தண்ணீரை மட்டும் புகட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அய்யர் வீட்டு விரதக் கணக்கு சர்ச்சுக்குப் போகும் வேதக்காரிக்கு எப்படித் தெரியும்? மாமியின் கண் தட்டின் பின்னாலேயே வரும். மனக்கட்டுப்பாடு என்று நினைத்து மெச்சிக்கொண்டாள்.

அப்படித் தட்டு திரும்பிய ஒருநாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அக்கிரகாரத்துப் பத்மப்ரியா வடை தின்றுகொண்டிருந்தாள்.

"ஏகாதசியும் அதுவுமா வடையா அக்கா?"

"ஏகாதசியா! இன்னிக்குப் பஞ்சமிடி. மாசத்துக்கு ரெண்டுதான் வரும். என்னைப் பட்டினி போடப் பாக்கறயா?"

"படுக்கையில கெடக்கவங்களும் இருக்கணுமா?"

"அவாளுக்கு விரதமே கிடையாது. எவ சொன்னா?"



மறுநாள் கேட்டதற்குச் சுசீலாபாய் சிரித்தாள். "தின்னா கழியும், கழிஞ்சா டயபர் மாத்தணும். உன் நடுவு ஒடியாம இருக்கத்தான், கேட்டோ?"

தன் இடுப்புக்காகவாம்! காறித் துப்பலாம் போலிருந்தது. அவள் முகத்தில் மட்டுமல்ல, தன் கையிலும். தினப்படி கவனிப்பு நோட்டைப் புரட்டினாள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் பதினொரு இடத்தில் 'ஏகாதசி, ஆகாரம் இல்லை' என்றிருந்தது. போனில் படம் பிடித்தாள். வெளியே வந்து முதியோர் உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

இரண்டாம் நாள் ஸ்ரீலட்சுமி என்ற அதிகாரி வந்தாள். சுசீலாபாய் முந்திக்கொண்டாள்.

"தட்டு எடுத்தது இவளாக்கும் மேடம்."

"ஆமா, என் கைதான். அதையும் சேத்து எழுதுங்க" என்றாள் ஜெபமலர்.

அதிகாரி மஹேஷைப் போனில் பிடித்தாள். அம்மாவுக்குப் பக்தி ஜாஸ்தி, விரதம் என்று மேட்ரன் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது என்றான் அவன். மாதத்துக்குப் பதினொன்றா என்று அதிகாரி கேட்டாள். பெற்ற பிள்ளைக்கு எண்ணக்கூடவா தெரியாது?

மாமியை ஆஸ்பத்திரிக்கு மாற்ற உத்தரவாயிற்று. வண்டி வருமுன் ஜெபமலர் கஞ்சி கொண்டுவந்து கரண்டியை நீட்டினாள். மாமி வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். மறுபடி நீட்டினாள். திரும்பவில்லை. கரண்டியை வாங்கி அதிகாரி ஊட்டியபோது மாமியின் வாய் ஆவென்று திறந்தது.