ஃப்ளட்டர் என்றார் டாக்டர்

தூத்துக்குடியில் டிவி பழுது பார்க்கும் ஃபிராங்க்ளினுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு மைக், ஸ்பீக்கர் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். கரண்டோடே புழங்குகிற அவருக்குக் கரண்டு என்றால்தான் பயம். கூடவே தொழில் பழகிய தளவாய், கேபிள் இழுக்கக் கம்பத்தில் ஏறிக் கருகி விழுந்ததைக் கீழே நின்று பார்த்தவர் அவர். அன்றிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இரண்டு தடவை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பெட்டியையும் திறப்பார்.

போன வருஷம் திருவிழாப் பாட்டு ஒத்திகையில் நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி விஜிலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஈவாஞ்சலின் ஈ.சி.ஜி. தாளை விரித்தார்.

"அண்ணாச்சி, இது ஏட்ரியல் ஃப்ளட்டர்."

ஃபிராங்க்ளின் சிரித்துவிட்டார். "ஃப்ளட்டரா? அது எங்க தொழில்ல உள்ளதுல்லா டாக்டர்! டேப்ரிக்கார்டர் பெல்ட் தேஞ்சா பாட்டு நடுங்கும், அது ஃப்ளட்டர். ஆண்டெனா காலத்துல பிளேன் பறந்தா டிவி படம் படபடக்கும், அதுவும் ஃப்ளட்டர். பிளேன் போனதும் தானா சரியாயிரும்."

"இது அப்படி இல்லை. உங்க இதயத்தோட மேலறை ஒழுங்கா சுருங்காம படபடக்குது. அங்க ரத்தம் தேங்கி உறைஞ்சா மூளைக்குப் போய் அடைச்சிடும். ரத்தம் உறையாம இருக்க மூணு வாரம் மாத்திரை, ஒரு வேளைகூட விடக் கூடாது. அப்புறம் ஒரு ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கிடலாம்."

ஷாக் என்றதும் சிரிப்பு நின்றது.

அதன் பிறகு கடையில் உட்கார்ந்தால் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. தளவாயின் கருகிய உள்ளங்கை கண்ணுக்குள் வந்தது. பதினைந்தாம் நாள் படபடப்பு கொஞ்சம் அடங்கியதுபோல் இருக்கவே, பிளேன் போய்விட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மாத்திரையை நிறுத்திவிட்டார். "மாத்திரை போட்டாச்சா?" என்று விஜிலா கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டினார்.

ஷாக் கொடுக்க வரச்சொன்ன நாள் காலையில், பார்ட்ஸ் வாங்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாக விஜிலாவிடம் சொல்லிவிட்டு, வேம்பாரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினார். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

உப்பளங்களைத் தாண்டும்போது கண்டக்டர் வந்து நின்றார். "எங்கன போணும் அண்ணாச்சி?"

வேம்பார் என்று சொல்ல வாயைத் திறந்தார். "வே... வே..." என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. வலது கையிலிருந்த ரூபாய் நோட்டு நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் பேசுவது காதில் விழுந்தது. தனக்கு மட்டும் பேச்சு இல்லை.

"ஐயோ, இவருக்கு வாய் கோணுதுல்லா! வண்டிய நிப்பாட்டுங்க!" என்று பக்கத்துச் சீட்டுப் பெண் கத்தினாள்.

கண்டக்டர் அவர் போனைத் தேடி எடுத்து உயிர்ப்பித்ததும் விஜிலாவின் அழைப்புதான் வந்தது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது அவள் செருப்பில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மூளையில் அடைத்திருந்த ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பேச்சு திரும்பியது. "ஏளா..." என்று மனைவியைக் கூப்பிட்டார். விஜிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"தினமும் போடுதாவ டாக்டர்," என்றாள் விஜிலா. ஃபிராங்க்ளின் இல்லை என்று தலையசைத்தார்.

"ஷாக்குக்குப் பயந்தா இப்படிச் செஞ்சீய? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று கேட்டாள் விஜிலா.

"தளவாய் மாதிரி ஆயிருவேனோன்னு..." என்று இழுத்தார் ஃபிராங்க்ளின்.

யார் தளவாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர் ஈவாஞ்சலின், ஷாக் கொடுக்கிற மெஷினையே அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஃபிராங்க்ளின் வயர், பிளக், எர்த் எல்லாவற்றையும் இடது கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எவ்வளவு நேரம் பாயும் என்று கேட்டார். "கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. நீங்க தூக்கத்துல இருப்பீங்க. நானும் பக்கத்துலயே இருப்பேன்," என்றார் டாக்டர்.

மறுபடியும் சில வாரங்கள் மாத்திரை. இந்தத் தடவை விஜிலாவே வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஷாக் கொடுக்கும் நாள் வந்தபோது கட்டில் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மானிட்டரை ஆன் பண்ணுங்க," என்றாள் நர்ஸ். பாடுகிறவர்கள் காலடியில் வைக்கிற ஸ்பீக்கரைத்தான் அவர் மானிட்டர் என்பார். இங்கே அது ஒரு திரை. அதில் அவர் இதயம் ரம்பப் பல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தூக்க ஊசி ஏறியது. கண் விழித்தபோது கோடு சீராக இருந்தது. வெளியே விஜிலா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்ததில் விரல்களில் மணிகளின் தடம் பதிந்திருந்தது.

வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் பழையபடி வளைந்து கொடுக்கவில்லை; நுணுக்கமான போர்டுகளில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைப் பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல விஜிலா பிடிக்கப் பழகிக்கொண்டாள். பயம் போய்விட்டதா என்று கேட்டால், "எங்க போச்சு? ஆனா இப்பம் வாய்விட்டுச் சொல்லிருதேன்," என்கிறார் ஃபிராங்க்ளின்.