நாலாம் நம்பரில் மட்டும் வந்த காற்று

எங்கள் கார் பதினாறு வயசுக் கிழம். ஒரு வருஷமாகவே ஏசி குமிழை ஒன்று, இரண்டு, மூன்று என்று எதில் திருப்பினாலும் காற்று வராது. நாலில் வைத்தால் மட்டும் ஹோவென்று வரும். வருகிறதே, போதாதா என்று விட்டுவிட்டேன். ஓடுகிற எதையும் தொடக்கூடாது என்பது முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து நான் கற்ற பாடம். பங்குனி வெயிலில் அந்த நாலும் நின்றது. குளிர் உள்ளே தயாராகத்தான் இருந்தது, தள்ளிவிடக் காற்றில்லை.

வேறு யாருக்காவது இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. என் மகனுக்கு முப்பத்திரண்டு வயது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் அம்மா கொடுத்த சிறுநீரகம் ஏழு வருஷம் ஓடியது. ஒன்றரை வருஷத்துக்கு முன் அதுவும் கைவிட்டது. எனக்குச் சர்க்கரை, என்னுடையதை யாரும் வாங்கமாட்டார்கள். யாரோ முகம் தெரியாதவர் இறந்து அவர் வீட்டார் மனசு வைத்தால்தான் உண்டு. அந்த வரிசையில் அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வெளியே வரும்போது அவன் பிழிந்த துணி. ஆஸ்பத்திரியிலிருந்து கரமனை வீட்டுக்குத் திரும்புகிற அந்த முக்கால் மணி நேரம் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, காற்றுத் துவாரத்துக்கு நேராக முகத்தை வைத்திருப்பான். அது நின்றதும் ஜன்னலைத் திறந்தோம். கிள்ளிப்பாலத்து நெரிசலில் பஸ் புகை உள்ளே வர, பிளாஸ்டிக் கவரில் வாந்தி எடுத்தான். டாக்சியும் பிடித்துப் பார்த்தோம். அதிலும் வாந்தி. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். இனி டாக்சியில் ஏறமாட்டேன் என்றுவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் ஈரத் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு சொன்னான்: "அப்பா, இந்தச் சூட்டிலே இனிமே என்னாலே முடியாது. வெள்ளிக்கிழமை நான் வரல்லே."

இதற்கு முன்பும் கோபத்தில் சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை கோபம் இல்லை. மோர் வேண்டாம் என்பது போலச் சொன்னான். இரண்டு தவணை விட்டால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'சூட்டிலே' என்ற ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். காற்று வந்தால் அவன் வருவான். அப்படியே நம்பினேன், மடையன்.

அதற்கு முந்தின பத்து நாளும் சும்மா இருக்கவில்லை. முதலில் பியூஸைப் பார்த்தேன், உருகியிருந்தது. புதிது போட்டேன். இரண்டு நாளில் அதுவும் உருகியது. கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் மலையாளி எலக்ட்ரீஷியன் குனிந்து பார்த்துவிட்டு, "சாரே, இது ரெசிஸ்டராக்கும். ஸ்பீடைக் கூட்டிக் கொறைக்கிற சாதனம். அது போயி, கேட்டோ," என்றார். அந்த வண்டிக்கு அதைத் தேடிச் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு பகல் அலைந்தேன். மாட்டினதும் நாலு ஸ்பீடும் வந்தது. ஆகா என்று சிரித்தேன். மூன்றாம் நாள் கருகின வாடை.

"சாரே, எதுக்கு இந்தப் பாடு? இதைக் கொடுத்துட்டு வேற ஒண்ணு எடுத்தா போதுமல்லோ," என்றார் எலக்ட்ரீஷியன்.

"உம்மகிட்டே யோசனை கேக்க வரல்லே ஓய்!" என்று கத்திவிட்டு வந்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு அப்போதெல்லாம் யார் மேலாவது கத்த வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை வண்டியைத் தெருவில் நிழல் பார்த்து நிறுத்தி, கதவைத் திறந்து, மல்லாக்கப் படுத்துத் தலையை டாஷ்போர்டுக்கு அடியில் விட்டேன். கால் இரண்டும் தெருவில். மார்பில் போன், அதில் ஓடிய வீடியோவில் ஒரு பையன் எப்படிக் கழற்றுவது என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "பேட்டரி பாத்தேளா?" என்றார் ஒருவர். "பாத்தாச்சு, போங்கோ," என்றேன்.

பையன் சொன்னபடி பேட்டரியிலிருந்து நேரே காற்றாடி மோட்டாருக்கு ஒயர் கொடுத்தேன். உம்மென்று முனகியது, சுற்றவில்லை. அப்போதுதான் மண்டையில் ஏறியது. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, எதுவோ பிடித்து நிறுத்துகிறது. சுற்ற முடியாமல் முக்குவதால் கரண்டை அளவுக்கு மேல் இழுக்கிறது. அதனால்தான் பியூஸும் ரெசிஸ்டரும் மாறி மாறிச் செத்தன. பத்து நாளாக நான் செத்ததை மாற்றிக்கொண்டிருந்தேன், கொன்றது எது என்று பார்க்கவில்லை.

மூன்று ஸ்க்ரூ. மூன்றாவதைக் கழற்றினதும் மோட்டார் என் முகத்தின் மேலேயே இறங்கியது. கூடவே பொலபொலவென்று ஏதோ கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பார்த்தேன். விபூதி. குங்குமம். காய்ந்த துளசி, அழுகிக் கறுத்த வாழையிலைத் துண்டு. காற்றாடிக் கூண்டு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கோடு அடைத்துக்கொண்டிருந்தவை அர்ச்சனை ரசீதுகள். ஒன்றைப் பிரித்தேன். என் மகன் பெயர், நட்சத்திரம் உத்திரட்டாதி. இன்னொன்று, உத்திரட்டாதி. எல்லாமே உத்திரட்டாதி.

டயாலிசிஸ் நாளில் என் மனைவி விடிகாலையிலேயே கோவிலுக்குப் போய்விடுவாள். பிரசாதத்தை ரசீதிலேயே மடித்துக் கொண்டுவந்து, வண்டியில் பின்னால் உட்கார்ந்ததும் அவனிடம் கொடுப்பாள். கால் படும் இடத்தில் போடக்கூடாது என்பதால் எல்லாம் முன்னால் இருக்கிற பெட்டியில் சேரும். அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் உள்காற்றை இழுக்கிற வாய்.

சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு வந்தாள். எண்ணெயும் குங்குமமுமாக இருந்த கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாத்துக்கோ! உன் பக்திதான் அவன் காத்தை அடைச்சிருக்கு!"

தெருவே கேட்கிற குரலில் சொன்னேன். தன் உடம்பை அறுத்துக் கொடுத்தவளிடம் சொன்னேன். சொன்ன நாக்கு அழுகவேண்டும். அவள் குனிந்து ரசீதுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அம்மாவைச் சொல்லாதேங்கோப்பா." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தான். "அம்மா பெட்டியிலே வைக்கத்தான் சொல்லுவா. பின்னாலே தள்ளினது நான்."

அவள் நிமிர்ந்தாள்.

"நீ குடுக்கறச்சே வாங்கிப்பேன். நெத்தியிலே இட்டுண்ட மாதிரி கையைக் கொண்டுபோவேன். அப்புறம் அந்த இடுக்கிலே சொருகிடுவேன். அதைப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வரும்மா. ஒண்ணும் நடக்கப்போறதில்லே. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

"எல்லாத்தையுமா?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். பொறுக்கினதையெல்லாம் முந்தானையில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தண்டில் ரெண்டு சொட்டு எண்ணெய். சாலைக் கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு ரெசிஸ்டர் வாங்கிவந்து, பியூஸும் புதிதாகப் போட்டேன். ஒன்றில் மெல்ல, இரண்டில் கொஞ்சம் கூட, மூன்றில், நாலில், காற்று முறையாக வந்தது. யாரையும் கூப்பிட்டுக் காட்டத் தோன்றவில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினேன். வருவான் என்ற நம்பிக்கை துளியும் இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு தானே வந்து முன்னால் உட்கார்ந்தான்.

"இன்னிக்கு வரேன். அடுத்ததுக்கு இப்பவே கேக்காதேங்கோ," என்றான். சரி என்றேன்.

அவள் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஏறினாள். பாலம் தாண்டினோம். குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அவன் இரண்டு சீட்டுக்கும் நடுவே கையைப் பின்னால் நீட்டினான்.

"அம்மா, பிரசாதம் குடு."

"இன்னிக்குப் போகல்லேடா," என்றாள் அவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இனிமே போகல்லே," என்றாள்.

நீட்டின கையை அவன் உடனே எடுக்கவில்லை. இத்தனை நாள் அவள்தான் எங்கள் மூவருக்கும் சேர்த்து நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்தேன்.