மூடி போடாத கேபிள்

ஸ்டெல்லா அக்கா இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே...

ஜீடிமெட்லாவில் ரேடியோ ஆன்டெனா செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்கு டெஸ்டிங். அக்காவுக்குப் பேக்கிங்.

நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். “ஏய் சைலன்ட் மோட், டிபன்ல என்ன? வாயால சொல்ல வேணாம், திறந்து காட்டு” என்பார் அக்கா. காட்டுவேன். பாதி போய்விடும்.

ஒரு விஷயத்தை இங்கே எழுதியே ஆகவேண்டும்.

டெஸ்டிங் மொட்டைமாடியில்தான்; பக்கத்திலேயே பேக்கிங். சாயங்காலம் கிளம்பும்போது, ஆன்டெனாவை மீட்டரோடு இணைக்கும் கேபிளின் முனைக்கு ரப்பர் மூடி போடவேண்டும். அது என் வேலை. போன மழைக்காலத்தில் ஒருநாள், ஷேர் ஆட்டோவைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டேன். இரவெல்லாம் மழை.

காலையில் முனையைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன். எல்லா ஆன்டெனாவும் பாஸ். ஒரே சந்தோஷம்...

மதியம் அக்கா டேப் ஒட்டுவதை நிறுத்தினார். “என்னடி, இன்னைக்கு ஒண்ணுகூட ஃபெயில் ஆகல? மந்திரம் கிந்திரம் போட்டியா?”

பயம் வந்தது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் கேபிளை மட்டும் டெஸ்ட் செய்தேன். ஆன்டெனா இல்லாவிட்டால் சிக்னல் அப்படியே திரும்பி வந்து மீட்டர் எகிறியிருக்க வேண்டும். அப்போதும் ‘நன்றாக இருக்கிறது’ என்றே காட்டியது.

தண்ணீர் இறங்கிய கேபிள் சிக்னலை வழியிலேயே தின்றுவிடும். கெட்ட ஆன்டெனாவும் நல்லதாகத் தெரியும்.

நாற்பது பெட்டி ஒட்டியாகிவிட்டது. மூன்று மணிக்கு லாரி. வேலை போய்விடும் என்று அழுதேன்.

“அழுகையெல்லாம் நக்கோ, வேணாம். பெட்டியைப் பிரி.” அக்காவே பிளேடை எடுத்தார்.

வேறு கேபிள் போட்டு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம். ஆறு ஃபெயில்.

லாரி நின்றுகொண்டிருந்தது. முதலாளி சார் மேலே வந்து, மூடி போடாமல் விட்டது யார் என்று தெலுங்கில் கத்தினார். எனக்குக் குரல் வரவில்லை.

“நேனே சார்” என்று கையைத் தூக்கினார் அக்கா. பெருக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு, திரும்பப் போட மறந்துவிட்டாராம்...

எல்லோர் முன்னாலும் அக்காவுக்குத் திட்டு. ஒரு மாசம் தகர ஷெட்டில் பைப் வெட்டும் வேலை.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“நீ வாயைத் திறக்கறதுக்குள்ள லாரி விஜயவாடா போயிருக்கும். சல், வா, பசிக்குது.”

அதன்பிறகு யார் புதிதாகச் சேர்ந்தாலும், “ஸ்டெல்லா மாதிரி மூடியை மறக்காதே” என்பார் சார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா சிரித்துக்கொண்டே டேப் ஒட்டுவார்.

இன்று போலாரத்தில் அக்கா வீட்டு வாசலிலும் சார் அந்தக் கதையைச் சொன்னார். பாசமாகத்தான் சொன்னார். அக்காவின் மகன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். இன்றும் குரல் வரவில்லை.

சார், அன்று மூடி போடாமல் போனது நான். அக்கா இல்லை. இந்தப் பதிவில் அவர் மகனையும் டேக் செய்திருக்கிறேன்.

சொல்லிட்டேன் அக்கா. போயிட்டு வாங்க.