அண்ணன் இழுத்த கோடு

என் அண்ணன் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவன். செய்முறைத் தேர்வில் அவனிடம் படித்த யாரும் முழு மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கியதில்லை. அதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. கிராஃப் தாளில் முதலில் ஸ்கேலை வைத்துக் கோட்டை இழுத்துவிட வேண்டும். புள்ளிகள் அப்புறம்தான். கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கோட்டின் மீதே இரண்டு என்று வைத்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது. எந்தப் புள்ளியாவது தூரமாய்ப் போய் விழுந்தால் அதை அழித்துவிட்டு ரீடிங்கையும் மாற்றிவிடலாம். எங்கள் பக்கம் இதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை. நானும் இப்படி வரைந்துதான் பாஸானேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பித்தபோது அதே தாளை எடுத்தான். மாதாமாதம் திண்டுக்கல்லில் ரத்தம் கொடுப்போம். கிரியாட்டினின் என்று ஓர் எண் வரும். அது ஏற ஏறச் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். நாலைந்து புள்ளி சேர்ந்ததும் அண்ணன் கோட்டை இழுத்தான். மெதுவாக ஏறிய அந்தக் கோட்டை அப்படியே நீட்டிப் பார்த்து, டயாலிசிஸுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அதற்கென்று கையில் சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயை முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"இப்பயே எதுக்கு அவரக் கீறிக்கிட்டு? கோடு அங்க போகட்டும், பாப்போம்" என்றான்.

அப்பாவுக்கு அது வேதவாக்கு. சம்பங்கி மூட்டையோடு வடமதுரையில் பஸ் ஏறிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர், அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கடை கடையாகக் காட்டினார். "எம் மகன் கணக்குப் போட்டுருக்கான். ரெண்டு வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது." கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது.

ஆனியில் அந்த எண் திடீரென்று எகிறியது. அண்ணன் அந்தப் புள்ளியை வைக்கவே இல்லை.

"லேப்ல சொதப்பிட்டாய்ங்க. மத்ததெல்லாம் கோட்டுல ஒக்காந்திருக்குல்ல, இது மட்டும் எப்படி இம்புட்டு தூரம் போகும்?"

"அண்ணே, அப்பாவுக்குக் காலு வீங்கிப் போயி செருப்பு ஏற மாட்டேங்குது."

"வீக்கத்த வச்சுக் கிராஃப் போட முடியுமா?"

வேறு லேபில் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாதம் எப்படியும் எடுக்கத்தானே போகிறோம் என்றான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அப்பாவும் மகன் பக்கமே நின்றார்.

அடுத்த மாதம் வரை உடம்பு தாங்கவில்லை. ஒருநாள் காலையில் படுக்க முடியாமல், மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் கையில் வழியில்லை என்று கழுத்தில் ஊசி குத்திக் குழாய் இறக்கினார்கள். கையை ஏன் தயார் பண்ணவில்லை என்று டாக்டர் கேட்டார். அப்பாவின் சட்டை என் கையில் இருந்தது. பையிலிருந்து தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் அதை மேசையில் விரித்தார். "கடைசி டெஸ்ட்டோட புள்ளி எங்க சார்?"

"அது லேப் எரர் சார்."

டாக்டர் பேனாவை எடுத்து அளவு பார்த்தார். தாள் முடிந்துபோனது. புள்ளியை அதற்கும் மேலே, மேசைக் கண்ணாடியில் வைத்தார். பேனாவை மூடிக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் முகம் செத்துப்போனதைக் கண் குளிரப் பார்த்தேன். அதற்கு அப்பாவின் கழுத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

இப்போது வாரம் தவறாமல் டயாலிசிஸ். முதல் வாரம் கட்டில் ஓரத்தில் நின்று அண்ணனைக் கிழி கிழி என்று கிழித்தேன். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவன வையாத தாயி. கோடெல்லாம் சரியாத்தேன் போட்டான். என் ஒடம்புதேன் அதும்படி போகல."

கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற அண்ணன், ஆமாம் என்று தலையாட்டினான்.